ரூகர் 10/22, மார்லின் 60: 500 டாலருக்குள் முதல் ரைஃபிள் வாங்குவது எப்படி?

அமெரிக்காவுக்கு வந்து சில ஆண்டுகள் ஆனதும் நம்மவர்களில் சிலரை ஆபீஸ் நண்பர் யாராவது ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூட்டிப் போவார். காகிதத்தில் நான்கு துளை விழுந்ததும், சொந்தமாக ஒன்று வாங்கலாமே என்ற ஆசை வந்துவிடும். விலையைத் தேடிப் பார்த்தால் கண்ணைக் கட்டும். அந்தத் தேடலில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு பெயர்கள் ரூகர் 10/22, மார்லின் மாடல் 60. இரண்டுமே .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) என்ற சிறு தோட்டா போடும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்கள். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டுதான் போகும். அடுத்த தோட்டாவைத் துப்பாக்கியே அறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) ஏற்றிக்கொள்ளும். விசையைப் பிடித்தபடி இருந்தால் தொடர்ந்து சுடும் என்று நம் ஊரில் பலர் நினைப்பதுண்டு. அப்படியில்லை.

ஏன் .22? தோட்டா மலிவு. மொத்தப் பெட்டியாக வாங்கினால் ஒன்று 7 முதல் 10 சென்ட்டுக்குள் கிடைக்கும். ஏஆர் வகைத் துப்பாக்கியின் தோட்டா இதைப் போலப் பல மடங்கு. தோளில் உதைப்பும் இல்லை என்றே சொல்லலாம். முதன்முறை சுடுபவர் கெட்ட பழக்கங்களைப் பிடித்துக்கொள்வதற்கு உதைப்பும் சத்தமும்தான் பெரும்பாலும் காரணம். .22-இல் இரண்டும் குறைவு.

முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள்

எந்த ரைஃபிள் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4, சுற்றுலா விசா என்று எந்தக் குடியேற்றமற்ற விசாவில் இருந்தாலும், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு. நம்மவர்களுக்குப் பொருந்தக்கூடியது, ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். அது கையில் இல்லாமல் ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைத் தொட்டாலும் சிக்கல்தான். ஊரிலிருந்து பேரனைப் பார்க்க வந்த அப்பா, "எங்கே, நானும் ஒரு தடவை சுட்டுப் பார்க்கிறேன்" என்பார். அவர் வந்திருப்பது பி-2 என்ற சுற்றுலா விசாவில். இந்த இடத்தில் பாசத்துக்கு வேலையில்லை, மறுத்துவிடுங்கள்.

கிரீன் கார்டு வந்தவர்கள் வாங்கலாம். ஆனால் துப்பாக்கிக் குற்றம் ஒன்றில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு இருப்பவரையும் நாடு கடத்தலாம் என்பதை நினைவில் வையுங்கள். பிறந்த குடிமகனுக்கு அபராதத்தோடு போகிற விஷயம் உங்களுக்கு விமான டிக்கெட்டாக முடியலாம். விண்ணப்பம் இடைநிலையில் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். அந்தக் கட்டணம் வீண் போகாது.

கடையில் ஃபார்ம் 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தைக் கொடுப்பார்கள். தற்போதைய முகவரியுள்ள புகைப்பட அடையாள அட்டையும், கிரீன் கார்டில் உள்ள எண்ணும் தேவை. எஃப்பிஐ நடத்தும் பின்னணிச் சோதனை 1998 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெரும்பாலும் சில நிமிடத்தில் பதில் வந்துவிடும். படிவத்தில் கஞ்சாப் பயன்பாடு பற்றியும் ஒரு கேள்வி உண்டு. உங்கள் மாநிலத்தில் அது சட்டப்படி விற்கப்பட்டாலும் மத்தியச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. இன்னொன்று: விசாவில் இருக்கும் நண்பர் பணம் கொடுத்து "உன் பெயரில் வாங்கிக் கொடு" என்றால் அது கடும் குற்றம். நட்பு முறிந்தாலும் பரவாயில்லை.

மாநிலச் சட்டங்கள் தனிக் காடு. கடையில் ரைஃபிள் வாங்க மத்தியச் சட்டப்படி 18 வயது போதும். ஆனால் வாஷிங்டன் மாநிலத்தில் 2019 முதல் எந்த செமி ஆட்டோ ரைஃபிளுக்கும் 21 வயதும் பயிற்சிச் சான்றும் வேண்டும், இந்தச் சாது .22-ம் அதில் அடக்கம். சியாட்டில் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க. நியூயார்க்கில் 2022 செப்டம்பர் முதல் செமி ஆட்டோ ரைஃபிள் வாங்க உரிமம் தேவை. இல்லினாய், நியூ ஜெர்சி இரண்டிலும் வாங்குவதற்கு முன்பே அடையாள அட்டை ஒன்றைப் பெற வேண்டும். கலிஃபோர்னியாவில் பாதுகாப்புத் தேர்வு எழுதி, பணம் கட்டி, 10 நாள் காத்திருக்க வேண்டும். டெக்சாஸில் காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்கு முன் துப்பாக்கியோடு வீடு திரும்பலாம்.

உண்மையில் இது புதியதா பழையதா என்ற கேள்வி

மார்லின் 60 சந்தைக்கு வந்தது 1960-இல், ரூகர் 10/22 வந்தது 1964-இல். அறுபது ஆண்டுகளாக அமெரிக்கச் சிறுவர்கள் சுடக் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான். மார்லின் ஒரு கோடிக்கு மேல் விற்றது. விலை எப்போதும் அதுதான் குறைவு.

பிறகு நிலைமை மாறியது. மார்லின் கம்பெனியை 2007-இல் ரெமிங்டன் வாங்கியது. 2020-இல் ரெமிங்டன் திவாலாக, ஏலத்தில் மார்லினை எடுத்தது வேறு யாருமல்ல, ரூகர்தான். மார்லினின் பெயர் பெற்ற லீவர் ரைஃபிள்களை (நெம்புகோலை ஆட்டித் தோட்டா ஏற்றும் வகை) ரூகர் மீண்டும் செய்யத் தொடங்கியது. மாடல் 60-ஐத் தொடவில்லை. தன் 10/22-க்குத் தானே போட்டி வைத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

ஆகவே இன்று 10/22 புதிதாகக் கிடைக்கும், சாதாரண கார்பைன் (குட்டைக் குழல்) வகை கடை விலையில் 300 டாலரை ஒட்டி. மார்லின் 60 பழையதாகத்தான் கிடைக்கும். அடகுக் கடை, துப்பாக்கிக் கடையின் பழைய அலமாரி, கன் ஷோ என்று தேடினால் 150 முதல் 250 வரை. இடத்துக்கு இடம் மாறும், பேரம் பேசலாம்.

தோட்டா எங்கே உட்காருகிறது என்று பாருங்கள்

சுடும் துல்லியத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மார்லினின் குழலுக்குள், குண்டைச் சுழற்றிவிட, 16 மெல்லிய வரிப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். அதனால்தானோ என்னவோ, பெட்டியிலிருந்து எடுத்தபடியே சுட்டால் அது ஒரு பிடி கூடுதலாகத் துல்லியம் என்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். விசையும் அதில் கொஞ்சம் மென்மை. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு உங்கள் கை நடுக்கம் அந்த வித்தியாசத்தை மூடிவிடும். எடையும் அப்படித்தான்: ரூகர் 5 பவுண்டு, மார்லின் ஐந்தரை.

வித்தியாசம் தோட்டாவை ஏற்றுவதிலும் இறக்குவதிலும் இருக்கிறது. புதியவர் இதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

ரூகரில் 10 தோட்டா கொள்ளும் சுழல் மேகசின். உள்ளே ஒரு பல்சக்கரம். ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனிப் பள்ளம். .22 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. நேராக அடுக்கும் மேகசினில் ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் துப்பாக்கி நின்றுவிடும். தனிப் பள்ளத்தில் அந்தத் தொல்லை இல்லை. காலி செய்வதும் எளிது. மேகசினைக் கழற்று, அறையை மூடித் திறக்கும் போல்ட்டை இழு, அறையைப் பார். மேகசின் மேசை மேல் கண்ணுக்குத் தெரியக் கிடக்கும். மேகசின் அளவுக்கு வரம்பு வைத்திருக்கும் மாநிலங்களிலும் 10 செல்லும்.

மார்லினில் குழலுக்குக் கீழே ஒரு நீளக் குழாய். ஏற்ற வேண்டுமானால் முனைப் பக்கம் இருக்கும் சொரசொரப்பான தலையைத் திருகி, உள்ளே இருக்கும் மெல்லிய குழாயை மேலே இழுக்க வேண்டும். வெளிக்குழாயில் தோட்டா வடிவத்தில் ஒரு திறப்பு தெரியும். அதன் வழியே ஒவ்வொன்றாக, விளிம்பு கீழே போகும்படி போட வேண்டும். பழைய துப்பாக்கிகளில் 17 போகும், பின்னால் வந்தவற்றில் 14. அப்புறம் உள்குழாயைத் தள்ளித் திருகிப் பூட்ட வேண்டும். இவ்வளவு நேரமும் உங்கள் விரல்கள் முனைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பழகியவருக்கு ஒன்றுமில்லை. முதல் நாளே துப்பாக்கி பிடிப்பவருக்கு இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

காலி செய்யும்போது இன்னும் கவனம் வேண்டும். உள்குழாயை முழுவதும் உருவி, துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் முனை கீழே சாய்த்தால் தோட்டாக்கள் வழுக்கி விழும். கடைசித் தோட்டா சில சமயம் உள்ளேயே, அறைக்கும் குழாய்க்கும் இடையில் தங்கிவிடும். அதனால் போல்ட்டைப் பலமுறை இழுத்துவிட்டு, கண்ணாலும் பார்த்து, இருட்டாக இருந்தால் சுண்டுவிரலாலும் தொட்டு உறுதி செய்ய வேண்டும். "குழாயை எடுத்துவிட்டேன், காலிதான்" என்ற நினைப்பு ஆபத்து.

அருகில் சொல்லித்தர ஆள் இல்லாத புதியவர் என்றால் ரூகரை வாங்குங்கள். சுடத் தெரிந்த நண்பர் கூட வருவார், கை வேலையில் ஆர்வம் உண்டு, 100 டாலர் மிச்சமாவது பெரிய விஷயம் என்றால் நல்ல மார்லின் ஒன்று தாராளமாகப் போதும். நியூ ஜெர்சிக்காரர்கள் மட்டும் மார்லினைத் தவிர்ப்பது நல்லது. கழற்ற முடியாத மேகசின் கொண்ட செமி ஆட்டோவை அந்த மாநிலச் சட்டம் கொள்ளளவு பார்த்துத் தடை செய்யும். அந்தச் சிக்கல் உங்களுக்கு வேண்டாம்.

பழைய மார்லினைப் பார்த்து வாங்கும் முறை

கடைக்காரரிடம் முதலில் கேளுங்கள், பிறகு தொடுங்கள். அவர் காலி என்று காட்டிக் கொடுத்தாலும் நீங்களும் ஒருமுறை பாருங்கள். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பார்க்காமல் வாங்கிக்கொண்டால்தான் முகம் சுளிப்பார்கள்.

உள்குழாயை உருவி வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். வளைவோ நசுங்கலோ இருந்தால் தோட்டா பாதியில் நிற்கும். திரும்பச் செருகும்போது தடையில்லாமல் போக வேண்டும். அடுத்து குழலின் முனை. இந்தத் துப்பாக்கியைப் பின்பக்கமாகச் சுத்தம் செய்ய வழியில்லை, முனை வழியாகத்தான் கம்பியை விடுவார்கள். கவனமில்லாதவர் கையில் இரும்புக் கம்பி பல ஆண்டு உரசியிருந்தால் முனையின் உள்விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருக்கும், குறி சிதறும். செல்போன் டார்ச்சே போதும், விளிம்பு சுற்றிலும் ஒரே சீராகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

போல்ட்டை இழுத்துக் கைப்பிடியை உள்ளே அழுத்தினால் திறந்தபடி நிற்க வேண்டும். 1980-களுக்குப் பிந்தையவற்றில் கடைசித் தோட்டா சுட்டதும் போல்ட் தானே திறந்து நிற்கும் ஏற்பாடு உண்டு. முடிந்தால் அந்த வகையைத் தேடுங்கள். ரூகரின் சாதாரண மாடலில் இந்த வசதி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்தும் தீர்ந்தபின் 'டிக்' என்ற சத்தம்தான் வரும்.

கடைசியாக, விற்பவர் சம்மதித்தால் இரண்டு திருகைக் கழற்றி மரக்கட்டையிலிருந்து இயந்திரப் பகுதியை எடுத்துப் பாருங்கள். போல்ட் பின்னோக்கி வந்து மோதும் இடத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் தாங்கி இருக்கும். பழைய துப்பாக்கியில் எண்ணெய் ஊறி அது பழுப்பேறி, பிஸ்கட் போல் உதிர்ந்துகொண்டிருக்கும். மாற்றுவது எளிது, விலையும் சில டாலர்தான். ஆனால் பேரம் பேச அருமையான பிடி அது. கழற்றவே விடமாட்டேன் என்பவரிடம் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது நடையைக் கட்டுங்கள்.

சீரியல் எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை 100-இலிருந்து கழித்தால் 1970-களின் நடுவிலிருந்து வந்த மார்லின்களின் ஆண்டு தெரியும். 22 என்று தொடங்கினால் 1978. 1968-க்கு முன் செய்த சில .22-களில் எண்ணே இருக்காது, அக்காலச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் எண்ணை ராவி அழித்த தடம் தெரிந்தால் கையை எடுத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

தனிநபரிடம் வாங்குவதானால் உரிமம் பெற்ற கடை வழியாகக் கைமாற்றிக்கொள்ளுங்கள். 25, 40 டாலர் செலவாகும். பல மாநிலங்களில் இது கட்டாயம். கட்டாயமில்லாத இடத்திலும் நமக்கு ஒரு காகிதம் இருப்பது நல்லது. வேறு மாநிலத்துக்காரரிடம் நேரடியாக வாங்கவே கூடாது.

500 டாலரைப் பிரிப்பது

துப்பாக்கிக்கு முழுப் பணத்தையும் போட்டுவிட்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வருபவர்களை ரேஞ்சில் பார்க்கலாம். .22-இன் சத்தமும் காதைக் கெடுக்கும். காதுக் கவசத்துக்கும் கண்ணாடிக்கும் 35, சுத்தம் செய்யும் சாமானுக்கு 20, பூட்டக்கூடிய சிறு இரும்புப் பெட்டிக்கு 70 அல்லது அதற்கு மேல், 500 தோட்டாவுக்கு 40 டாலரை ஒட்டி. இதுவே 165 ஆகிறது. ரூகர் 300, மேலதிக மேகசின் ஒன்று 20 என்று சேர்த்தால் 485. வரியும் ரேஞ்ச் கட்டணமும் சேர்ந்தால் எல்லையைக் கொஞ்சம் தாண்டும். மார்லினை 180-க்குப் பிடித்து, புதுத் தாங்கியும் ஸ்பிரிங்கும் போட்டு, கடைக் கட்டணமும் கொடுத்தால் மொத்தம் 400-ஐச் சுற்றி நிற்கும்.

ஸ்கோப் இப்போது வேண்டாம். இரண்டிலும் குறிபார்க்கக் குழல் மேலேயே இரும்புக் குறிகள் இருக்கின்றன, அவற்றில் பழகுங்கள். பிறகு வேண்டுமானால் 50 யார்டுக்கு அமைத்த .22 ஸ்கோப் ஒன்று வாங்கிப் பொருத்தலாம். ரூகருக்கு உலகத்திலுள்ள எல்லா உதிரிப் பாகமும் கிடைக்கும்: வேறு குழல், வேறு விசை, வேறு கட்டை. 300 டாலர் ரைஃபிள் மேல் 600 டாலர் சாமான் ஏற்றியவர்கள் ஏராளம். அந்தப் பணத்துக்குத் தோட்டா வாங்கிச் சுட்டால் கை தேறும்.

பூட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். புது ரூகர் பெட்டியிலேயே ஒரு பூட்டு வரும். பழைய மார்லினோடு வராது. பல ஊர்களில் காவல் நிலையங்கள் வழியாகக் கம்பிப் பூட்டுகளை இலவசமாகத் தருகிறார்கள், கேட்டுப் பாருங்கள். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில். குழந்தைகளுக்கு எண் தெரியக் கூடாது. விசாவில் இருக்கும் விருந்தாளிக்கும் தெரியக் கூடாது. வீட்டில் யாராவது மன உளைச்சலில் இருக்கும் காலம் என்றால் வாங்குவதையே தள்ளிப்போடுங்கள்.

முதல் நாள் ரேஞ்சில்

மொத்தப் பெட்டி வாங்குவதற்கு முன் மூன்று நான்கு வகைத் தோட்டாவில் ஒவ்வொரு சிறு பெட்டி வாங்குங்கள். இரண்டு துப்பாக்கியுமே தோட்டாவின் பின்னுதைப்பால் இயங்குபவை. வேகம் குறைந்த, 'சத்தமில்லாத' தோட்டா போட்டால் போல்ட் முழுதும் பின்னால் போகாது, காலிக்கூடு வாயிலில் செங்குத்தாக மாட்டி நிற்கும். 40 கிரெய்ன் எடை, செம்புப் பூச்சு, விநாடிக்கு 1,200 அடிக்கு மேல் போகும் வகையில் தொடங்குங்கள். எது சிக்காமல் ஓடுகிறதோ அதுவே உங்கள் துப்பாக்கிக்கான தோட்டா.

25 யார்டில் தொடங்கி 50-க்குப் போங்கள். 50-இல் குறி சரி செய்தால் 100 யார்டில் குண்டு 5 முதல் 7 அங்குலம் கீழே விழும். அது துப்பாக்கியின் கோளாறு அல்ல. விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்காதீர்கள். முனை இலக்கைப் பார்த்தபடியே அரை நிமிடம் காத்திருந்து பிறகு போல்ட்டை இழுங்கள். சிறு தோட்டாதானே என்ற அலட்சியமும் வேண்டாம்: இந்தக் குண்டு ஒன்றரை மைல் வரை போகக்கூடியது. முடித்ததும் கை கழுவாமல் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காதீர்கள், ஈயத் தூள் ஒட்டியிருக்கும். தனியாகக் கற்க வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு ஆப்பிள்சீட் என்ற வார இறுதிப் பயிற்சி நாடு முழுக்க நடக்கிறது. அங்கே பாதிப் பேர் கையில் 10/22-தான் இருக்கும்.

ரேஞ்சுக்கென்று ஒரு தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள். .22 தோட்டா ஒரு அங்குல நீளம்தான். பையின் மடிப்பிலும் ஜாக்கெட் பாக்கெட்டிலும் ஒளிந்துகொள்ளும். அதே பையைத் தூக்கிக்கொண்டு டிசம்பர் விடுமுறைக்குச் சென்னைக்குப் பறந்து, திரும்பும்போது விமான நிலைய ஸ்கேனரில் ஒற்றைத் தோட்டா தெரிந்தால், ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும். தெரியாமல் வந்துவிட்டது என்று நீதிமன்றத்தில் நிரூபித்து மீண்டவர்கள் உண்டு. அதற்கு வழக்கறிஞர், பாஸ்போர்ட், தவறவிட்ட விமானம் என்று மாதக்கணக்கில் அலைச்சல். ஊருக்குப் புறப்படும் முன் எந்தப் பையாக இருந்தாலும் தலைகீழாகக் கொட்டி, எல்லா ஜிப்பையும் திறந்து, மடிப்புகளில் விரலை விட்டுத் துழாவிப் பார்த்த பிறகே துணிகளை அடுக்குங்கள்.